முதல் சம்பளம் முதல் சொந்த கிளினிக் வரை: தென்னாப்பிரிக்காவில் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனில் மருத்துவர்களின் கணக்குவழக்குகளைப் பார்ப்பது என் தொழில். இந்த வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இது: ஒருவர் எந்தத் துறைக்குப் போவார், எந்த ஊரில் வேலை பார்ப்பார் என்பதை அவர் வாங்கிய கடனே முடிவு செய்துவிடுகிறது. குழந்தை மருத்துவம் படிக்க ஆசைப்படுவார். ப்ளூம்ஃபோன்டைனில் இடமும் கிடைக்கும். ஆனால் டர்பனில் வீட்டுக் கடன், கார் தவணை, மூன்று பாலிசி என்று சம்பளம் முழுவதும் முன்கூட்டியே பங்கு போடப்பட்டிருக்கும். கையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, பிடிக்காத வேலையில் உட்கார்ந்துவிடுவார்.

அதனால் பணத்தை ஒரு பக்கமும் தொழிலை இன்னொரு பக்கமும் வைத்துப் பேச எனக்குத் தெரியாது. எந்த வரிசையில் எதைச் செய்தால் உங்கள் கை கட்டப்படாமல் இருக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்து படித்தவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து சேர்ந்தவர்களுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன்.

வெளியிலிருந்து வர நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை

தமிழ்நாட்டிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது விசாரிக்கிறார்கள். "அங்கே டாக்டருக்குப் பஞ்சம் என்கிறார்களே, வரலாமா?" நோயாளிகளைப் பார்த்தால் பஞ்சம்தான். ஆனால் அரசாங்கத்திடம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. 2025 தொடக்கத்தில் பயிற்சி முடித்த உள்நாட்டு மருத்துவர்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள். அந்த ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஏரன் மோட்சோலெடி 1,200 மருத்துவர்களை வேலைக்கு எடுப்பதாக அறிவித்தார். நிலைமை இதுதான்.

வெளிநாட்டில் படித்தவர் இங்கே வேலை பார்க்க, தேசிய சுகாதாரத் துறையின் வெளிநாட்டுப் பணியாளர் பிரிவிலிருந்து ஒப்புதல் கடிதம் வேண்டும். மருத்துவர்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வின் சான்றிதழ் சரிபார்ப்பும் தேர்வும் உண்டு. வளரும் நாடுகளிலிருந்து மருத்துவர்களை இழுத்துக்கொள்வதில்லை என்பது இந்த நாட்டின் அறிவிக்கப்பட்ட கொள்கை. அந்த ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை ஊரில் இருக்கும் வேலையை விடாதீர்கள். "நான் எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்டிடம் முன்பணமும் கட்டாதீர்கள்.

இன்னொன்று. 35 வயதுக்கு மேல் வருபவர்கள் மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும்போது, முன்பு இங்கே உறுப்பினராக இல்லாததற்காகத் தாமதக் கட்டணம் சேரும். மாதக் கணக்கில் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்வதும் இன்றைய நிலைமையும்

நம் வீடுகளில் டாக்டர் ஆனவுடன் வரும் முதல் யோசனை, "சீக்கிரம் சொந்தமா போர்டு மாட்டு" என்பது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1860இல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடும்பங்கள் நாம். 1951இல் டர்பனில் வெள்ளையரல்லாத மாணவர்களுக்காக மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று நெல்சன் ஆர். மண்டேலா மருத்துவப் பள்ளி என்று அழைக்கப்படுவது அதுதான். அங்கே படித்து வந்த அந்தத் தலைமுறைக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கிளினிக் திறந்தார்கள், கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று ஒரு தெருவுக்கு ஒரு டாக்டர். இன்று ஒரே வணிக வளாகத்தில் நான்கு பேர், பக்கத்து மருந்துக் கடையிலேயே நர்ஸ் கிளினிக். அன்றைய யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் இன்று கட்டுப்படியாகாது.

இன்றைய பாதை இப்படி இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆறு வருடப் படிப்பு. அப்புறம் இரண்டு வருட இன்டர்ன்ஷிப். அப்புறம் ஒரு வருட சமூக சேவை. எல்லோரும் காம் சர்வ் என்பார்கள். அதன்பிறகுதான் எச்.பி.சி.எஸ்.ஏ. உங்களைச் சுயமாகத் தொழில் செய்யக்கூடியவராகப் பதிவுசெய்யும். இந்த மூன்று வருடத்தில் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை. டர்பன்காரர் நொங்கோமாவுக்குப் போகலாம், உம்டாட்டாவுக்கும் போகலாம். ஆகவே இந்த மூன்று வருடமும் பெரிய கடன் வேண்டாம். என் யோசனைகளில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாகாண அரசின் உதவித்தொகையில் படித்தவர்கள், எத்தனை வருடம் திரும்ப வேலை செய்ய வேண்டும், அரசு இடம் தராவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இப்போதே எடுத்துப் படியுங்கள்.

சம்பளச் சீட்டைப் படியுங்கள்

முதல் சம்பளம் தாமதமாவது இங்கே நடக்கிற விஷயம். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக வேண்டும். புது ஊரில் இரண்டு மாதம் வாடகை, சாப்பாடு, பெட்ரோலுக்குப் பணம் வைத்துக்கொண்டு வேலைக்குச் சேருங்கள். வீட்டில் கடனாக வாங்கினாலும் பரவாயில்லை, கிரெடிட் கார்டைத் தொடாதீர்கள்.

சீட்டு வந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். மேலே அடிப்படைச் சம்பளம். அதற்குக் கீழே கம்யூட்டட் ஓவர்டைம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை என்று ஒப்பந்தம் போட்டு, மாதா மாதம் ஒரே தொகையாகக் கொடுப்பது. கிராமப்புற மருத்துவமனை என்றால் அதற்கென ஒரு படி. பிடித்தத்தில் வருமான வரி, ஓய்வூதிய நிதிக்கு உங்கள் பங்கு 7.5 விழுக்காடு (அரசு அதன்மேல் 13 விழுக்காடு போடுகிறது), மெடிக்கல் எய்ட்.

இங்கே கவனிக்க வேண்டியது ஓவர்டைம். கையில் வரும் பணத்தில் அது பெரிய பங்கு. ஆனால் ஓய்வூதியக் கணக்கில் அது சேராது. இரவுப் பணி இல்லாத இடத்துக்கு மாறினால் போய்விடும். அந்த முறையையே மாற்றுவது பற்றியும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. எனவே வாடகை, தவணை போன்ற நிலையான செலவுகள் எல்லாம் அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்கட்டும். ஓவர்டைம் பணம் சேமிப்புக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும். இப்படி வைத்துக்கொண்டவர்கள், பிள்ளை பிறந்த பிறகு இரவுப் பணியை விட நினைத்தபோது தயங்காமல் விட்டார்கள்.

காரைப் பற்றி

கார் இல்லாமல் இங்கே முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு வார்டிலிருந்து கூப்பிட்டால் டாக்சியை நம்ப முடியாது. வாங்குங்கள். ஆனால் வங்கிக்காரர் காட்டும் மாதத் தவணையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கார் விலை 5,50,000 ராண்ட், வட்டி 11 விழுக்காடு, 72 மாதம். சாதாரணக் கடன் என்றால் மாதம் சுமார் 10,470 ராண்ட். "பலூன் போட்டுக்கலாம் டாக்டர்" என்று விற்பனையாளர் சொல்வார். விலையில் 35 விழுக்காட்டைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது அது. தவணை சுமார் 8,570 ஆகக் குறையும். கேட்க நன்றாக இருக்கும். ஆறு வருடம் கழித்து 1,92,500 ராண்ட் ஒரே தடவையில் கட்ட வேண்டும். மொத்தத்தில் ஏறக்குறைய 56,000 ராண்ட் அதிகம். அந்த ஆறாவது வருடம் எப்போது வருகிறது தெரியுமா? நீங்கள் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணர் பயிற்சியில், சேர்ந்து தேர்வுகளுக்குப் படிக்கும் நேரத்தில். கையில் அந்தத் தொகை இல்லாததால் திரும்பவும் கடன், அல்லது பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார், புதுக் கடன்.

இரண்டு மூன்று வருடம் ஓடிய, சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக இருக்கும் சின்னக் கார் போதும். "டாக்டர் இந்தக் காரிலா வர்றார்" என்று கோயிலில் யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

வீடு வாங்குவது, காம் சர்வ் முடிந்து எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு. மருத்துவர் என்றால் முன்பணம் இல்லாமலே முழுத் தொகையும் கடன் தர வங்கிகள் முன்வரும். தருகிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

உறவினர் கொண்டுவரும் பாலிசி

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தில் அதிகம் பணம் கரைவது இங்கேதான். தைப்பூசக் காவடி முடிந்து அன்னதானத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். மாமா மகன் பக்கத்தில் வந்து உட்காருவார். "தம்பி, உனக்குன்னு ஒரு பிளான் வச்சிருக்கேன்." அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை விற்றால் அவருக்குக் கமிஷன் முன்கூட்டியே கிடைக்கும். பாலிசியை நீங்கள் சீக்கிரம் நிறுத்தினால் அவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர் உங்களைத் தொடரச் சொல்வதிலும் அவருக்கு ஒரு லாபம் உண்டு.

உறவு கெடாமல் கேட்க வேண்டியவை இவை. முதலில் அவருடைய உரிம எண். நிதி ஆலோசனை தருபவர்கள் எல்லோரும் எஃப்.எஸ்.சி.ஏ. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தின் கீழ் இருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, முதலீட்டுப் பாலிசி என்றால் இ.ஏ.சி. என்ற தாளைக் கேளுங்கள். எல்லாக் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று அதில் ஒரு வரியில் இருக்கும். அந்தத் தாளில் ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று தனித்தனிப் பத்தி உண்டு. முதல் பத்தியில் எண் பெரிதாக இருந்தால், சீக்கிரம் வெளியேறினால் அபராதம் என்று பொருள். மூன்றாவது, "யோசிச்சுச் சொல்றேன் அண்ணா" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய பாலிசி எதுவும் கிடையாது. அவசரத்தில் போட்டுவிட்டாலும், பாலிசி விவரம் கைக்கு வந்து 31 நாளுக்குள் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டணம் ஏன் இவ்வளவு முக்கியம்? மாதம் 3,000 ராண்ட், 30 வருடம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தை ஆண்டுக்கு 10 விழுக்காடு தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கட்டணம் 1 விழுக்காடு என்றால் கடைசியில் சுமார் 55 லட்சம் ராண்ட். 3 விழுக்காடு என்றால் சுமார் 36 லட்சத்து 60 ஆயிரம். பதினெட்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அப்படியென்றால் காப்பீடே வேண்டாமா? வேண்டும், ஒன்று கட்டாயம் வேண்டும். வேலை செய்ய முடியாமல் போனால் மாத வருமானம் தரும் காப்பீடு. அதில் "சொந்தத் தொழில்" என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அறுவை சிகிச்சை நிபுணரின் கை நடுங்க ஆரம்பித்தால், "வேறு வேலை செய்யலாமே" என்று நிறுவனம் சொல்லக்கூடாது. ஊசி குத்தி எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டால் என்ன தருவார்கள் என்றும் கேளுங்கள். பி.பி.எஸ். என்று ஒரு நிறுவனம் 1941இல் பல் மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கியது. பட்டப்படிப்புத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே அதில் உறுப்பினர். அதையும், வேறு இரண்டு நிறுவனங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கல்யாணமாகாத, யாரையும் காப்பாற்றும் பொறுப்பில்லாத இன்டர்னுக்கு உயிர்க் காப்பீடு அவசரமில்லை. அம்மா அப்பா உங்களை நம்பியிருந்தால் கதை வேறு.

சேமிப்பு: எளிமையான வரிசை

மூன்று மாதச் செலவுக்கான தொகையை, கேட்டவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். அப்புறம் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. 2015இல் வந்த திட்டம். உள்ளே வளரும் பணத்துக்கு வட்டி வரி, ஈவுத்தொகை வரி, மூலதன ஆதாய வரி எதுவும் இல்லை. ஆண்டு வரம்பு 2020 மார்ச்சில் 36,000 ராண்டாக உயர்ந்தது. பட்ஜெட்டில் மாறக்கூடியது என்பதால் ஒவ்வொரு பிப்ரவரியும் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டிப் போட்டால் தாண்டிய தொகைக்கு 40 விழுக்காடு வரி. இரண்டு வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் வெறும் வட்டி வைப்பாக வைக்காமல், கட்டணம் குறைந்த குறியீட்டு நிதியில் போடுங்கள். இருபத்தைந்து வயதில் போட்டுவிட்டுத் தொடாமல் இருந்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஓய்வூதியத்துக்குத் தனியாக ஆர்.ஏ. கணக்கு. நீங்களே சொந்தமாகப் போட்டுக்கொள்ளும் ஓய்வூதியச் சேமிப்பு அது. எல்லா ஓய்வூதியப் பங்களிப்பும் சேர்த்து வருமானத்தில் 27.5 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வரிக்கழிவு கிடைக்கும். அரசு வேலையில் இருக்கும்போதே ஓய்வூதிய நிதி போய்க்கொண்டிருப்பதால் இன்டர்ன்களுக்கு இது அவசரமில்லை. வருமானம் ஏறி, வரி விகிதம் 41 விழுக்காட்டுக்குப் போன பிறகு இது நன்றாக உதவும்.

அரசு வேலையை விடும்போது ஓய்வூதிய நிதியை உடைத்து எடுக்காதீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பானை முறை வந்திருக்கிறது. அதன்பின் சேரும் பங்களிப்பில் மூன்றில் ஒரு பங்கை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம், மீதி ஓய்வு வரை பூட்டிக் கிடக்கும். எடுக்கும் பணம் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து முழு விகிதத்தில் வரிக்கு உட்படும். 41 விழுக்காட்டில் இருப்பவர் 30,000 எடுத்தால் கைக்கு 17,700தான் வரும்.

காம் சர்வ் முடிந்த பிறகு

மிகவும் பதற்றமான காலம் இது. டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் முடியும், ஜனவரியில் வேலை நிச்சயமில்லை. இதற்கான ஏற்பாட்டை இன்டர்ன்ஷிப்பின் இரண்டாம் வருடத்திலேயே தொடங்குங்கள். மருத்துவக் கல்லூரிகள் அமைப்பான சி.எம்.எஸ்.ஏ. நடத்தும் டிப்ளமோக்கள் இங்கே கைகொடுக்கும்: மயக்க மருந்து, குழந்தை நலம், எச்.ஐ.வி. மேலாண்மை, அவசர சிகிச்சை. மயக்க மருந்து டிப்ளமோ இருப்பவரை மாவட்ட மருத்துவமனைகள் தேடி எடுக்கின்றன. சிசேரியனுக்கு மயக்க மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே.

நிபுணராக விரும்புபவர் அந்தத் துறையின் முதல் நிலைத் தேர்வை, ரெஜிஸ்ட்ரார் இடத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே எழுதி முடிப்பது நல்லது. ரெஜிஸ்ட்ரார் காலம் துறையைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து வருடம், அதற்குள் எம்.மெட். என்ற முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடு. இந்த வருடங்களில் சம்பளம் எம்.ஓ. (அரசு மருத்துவ அலுவலர்) சம்பளத்தை ஒட்டியே இருக்கும். தேர்வுக் கட்டணமும் பயணமும் கையிலிருந்து போகும். எந்தத் துறை என்று முடிவெடுக்கும்போது நிபுணரின் வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள். அதே துறையில் ஐம்பது வயதில் இருப்பவரிடம் போய், ஒரு வாரத்தில் எத்தனை இரவு தூங்குகிறார் என்று கேளுங்கள். மகப்பேறு மருத்துவம் என்றால் தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறார் என்றும் கேளுங்கள். அந்தத் தொகையைக் கேட்டபின் மனம் மாறியவர்களும் உண்டு, தெரிந்தே துணிந்து போனவர்களும் உண்டு. இரண்டும் சரிதான்.

எல்லோருடைய சிகிச்சைக்கும் ஒரே அரசு நிதியிலிருந்து பணம் தர வகைசெய்யும் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் ரமபோசா 2024 மே 15 அன்று கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. "தனியார் தொழில் முடிந்தது" என்று பயந்து ஓடுவதற்கோ, "ஒன்றும் நடக்காது" என்று கண்ணை மூடிக்கொள்வதற்கோ இப்போது காரணம் இல்லை. பெரிய கட்டிடம், விலையுயர்ந்த கருவி என்று பத்து வருடக் கடன் வாங்கும் முன் மட்டும் இதை மனதில் வையுங்கள்.

லோகம் வேலை

வேறொரு மருத்துவரின் இடத்தில் தற்காலிகமாக வேலை பார்ப்பதுதான் லோகம். இன்டர்ன்களும் காம் சர்வில் இருப்பவர்களும் தனியார் லோகம் பார்க்கக்கூடாது. அவர்களுடைய பதிவு அதற்கு இடம் தருவதில்லை. நண்பர் கூப்பிட்டார், ஒரு சனிக்கிழமைதானே என்று போகாதீர்கள். அரசு வேலையில் இருக்கும் எம்.ஓ. வெளியே சம்பாதிக்க எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்குக் காலவரம்பு உண்டு, முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

லோகம் பணம் முழுதாகக் கைக்கு வந்தால், அதில் அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. 2025-26 வரி ஆண்டின் அட்டவணைப்படி, வரிக்குரிய வருமானம் 8,57,900 ராண்டைத் தாண்டினால் மேற்கொண்டு வரும் ஒவ்வொரு ராண்டிலும் 41 சென்ட் வரி. லோகத்தில் ஒரு லட்சம் வந்தால் 41,000 உங்களுடையது இல்லை. பணம் வந்த அன்றே அந்தப் பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். லோகம் வருமானம் இருப்பவர் முன்கூட்டி வரி செலுத்துபவராக இருக்க வேண்டும்: ஆகஸ்ட் கடைசியில் ஒரு தவணை, பிப்ரவரி கடைசியில் ஒரு தவணை. காரை வேலைக்கு ஓட்டினால் பயணப் பதிவேடு எழுதுங்கள். பிப்ரவரியில் உட்கார்ந்து பழைய தேதிகளை நினைவுபடுத்தி எழுதினால் வரித்துறை ஏற்காது.

அரசு மருத்துவமனையில் பணி செய்யும்போது நோயாளி வழக்குப் போட்டால் அரசு உங்களைத் தாங்கும். லோகத்தில் தாங்காது. எச்.பி.சி.எஸ்.ஏ.வில் உங்கள் மேல் புகார் வந்தால் அரசு உங்களுக்கு வக்கீல் வைக்காது. எனவே முதல் நாளிலிருந்தே சொந்தமாகத் தொழில்சார் பாதுகாப்பு வேண்டும். வாங்கும்போது, சம்பவம் நடந்த நாளில் உறுப்பினராக இருந்தால் போதுமா, வழக்கு வரும் நாளிலும் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். குழந்தை பிறப்பு சம்பந்தமான வழக்குகள் பல வருடம் கழித்து வரும்.

சொந்த கிளினிக்கை வாங்கும் முன்

ஓய்வுபெறப்போகும் மூத்த டாக்டர், தன் கிளினிக்கை உங்களுக்குக் கொடுக்க முன்வருகிறார். நாற்பது வருடப் பெயர். "நம்ம பிள்ளை, உனக்குக் கொடுத்தா எனக்கு நிம்மதி" என்பார். மனம் நெகிழும். நெகிழட்டும், ஆனால் தாள்களைக் கேளுங்கள்.

முதலில், எதை விற்கிறார்? மெடிக்கல் எய்டில் பணம் கேட்கப் பயன்படும் அவருடைய பிராக்டிஸ் எண் அவருக்கானது, உங்களுக்கு வராது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் உரிமமும் அவருக்கும் அந்த இடத்துக்கும் கொடுக்கப்பட்டது. நீங்கள் அதற்கான படிப்பை முடித்து, உரிமம் வாங்கி வர வேண்டும். சாட்ஸ்வொர்த் பக்கம் மருந்தோடு சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் கிளினிக்குகளில், உரிமம் இல்லாத அந்த இடைக்கால மாதங்களிலேயே நோயாளிகள் வேறு இடம் போய்விடுவார்கள். நோயாளிகளின் கோப்புகளும் மேசை நாற்காலிபோல் கைமாற்றும் பொருள் இல்லை. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. மீதி இருப்பது கட்டிட வாடகை ஒப்பந்தம், தளவாடம், நற்பெயர். நற்பெயர் அவர் முகத்தோடு இருக்கிறதா, இடத்தோடு இருக்கிறதா என்பதுதான் விலை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அங்கே மூன்று மாதம் லோகம் பார்ப்பது. திங்கட்கிழமை காலை வரும் பாட்டி, "பெரிய டாக்டர் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாரா, உள்ளே வந்து உட்காருகிறாரா என்று பாருங்கள். வரவேற்பில் பல வருடமாக இருக்கும் அக்கா உங்களோடு தொடர்வாரா என்று கேளுங்கள். பல கிளினிக்குகளில் நோயாளிகளைத் தக்கவைப்பவர் அவர்தான். அதோடு மூன்று வருட வங்கி அறிக்கை, மெடிக்கல் எய்ட் நிறுவனங்களின் பட்டுவாடாத் தாள்கள், வரிக் கணக்கு. "பாதி வருமானம் கணக்கில் காட்டாத ரொக்கம்" என்று யாராவது சொன்னால், கணக்கில் இருக்கும் பாதிக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மெடிக்கல் எய்ட் மூலம் வரும் பணத்தில் ஓர் ஆபத்து உண்டு. பல வருடத்துக்கு முன் கொடுத்த தொகையை, "கணக்கு சரியில்லை" என்று சொல்லி, அடுத்து தர வேண்டியதிலிருந்து அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். மெடிக்கல் ஸ்கீம் சட்டத்தின் 59ஆம் பிரிவை வைத்து இதைச் செய்கிறார்கள். இதில் கறுப்பின, இந்திய வம்சாவளி மருத்துவர்கள் அதிகமாகக் குறிவைக்கப்படுகிறார்கள் என்ற புகாரை வழக்கறிஞர் டெம்பேகா இங்குகைடோபி தலைமையிலான குழு விசாரித்தது. 2021 ஜனவரியில் இடைக்கால அறிக்கை, 2025 ஜூலையில் இறுதி அறிக்கை. இனப் பாகுபாடான விளைவு இருந்தது என்று இரண்டுமே சொன்னது. இது அநியாயம், நம் சங்கங்கள் தொடர்ந்து பேச வேண்டிய விஷயம். அதே சமயம் உங்கள் கையில் இருப்பது குறிப்பேடு. ஒவ்வொரு வருகைக்கும் நேரம், நோய்க் குறியீடு, என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று அன்றே எழுதுங்கள். நோயாளி கடைசியாக வந்ததிலிருந்து குறைந்தது ஆறு வருடம் அதைப் பாதுகாக்க வேண்டும்.

கூட்டாகத் தொடங்கினால் பங்குதாரர்கள் எல்லோரும் பதிவுபெற்ற மருத்துவத் தொழிலர்களாக இருக்க வேண்டும். மருத்துவரல்லாத தம்பியைப் பங்குதாரராகப் போடக்கூடாது. ஆய்வகமோ ஸ்கேன் மையமோ நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் தந்தால் வாங்கக்கூடாது; உரிமமே போகும்.

கல்யாணத்துக்கு முன் ஒரு கையெழுத்து

பணக் கட்டுரையில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டில் முன்னொப்பந்தம் இல்லாமல் பதிவுத் திருமணம் செய்தால் இருவரின் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். உங்கள் கிளினிக் கடனில் மூழ்கினால் மனைவியின் சம்பளத்தில் வாங்கிய வீடும் போகும். கல்யாணத்துக்கு முன்பே நோட்டரியிடம் முன்னொப்பந்தம் எழுதி, மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிவுசெய்ய வேண்டும். தாலி கட்டிய பிறகு செய்வதென்றால் நீதிமன்றம் போக வேண்டும். அதைப்போல, கோயிலில் மட்டும் நடந்து, திருமண அதிகாரி முன்னிலையில் பதிவாகாத கல்யாணத்தைச் சட்டம் பதிவுத் திருமணமாக எடுத்துக்கொள்ளாது. கல்யாணம் நடத்தும் ஐயர் பதிவு அதிகாரியா என்று முன்பே கேளுங்கள். சம்பந்தி வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருக்கும். "டாக்டர் தொழிலில் வழக்கு வரலாம், பெண்ணின் சொத்து பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பெண்ணின் அப்பா மறுத்து நான் பார்த்ததில்லை.

வெளிநாடு போக நினைத்தால்

போவது தவறில்லை. சுயமாகத் தொழில் செய்யும் பதிவு கிடைத்த பிறகு போங்கள். காம் சர்வை முடிக்காமல் போனவர்கள் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இங்கே வரி வசிப்பாளராக இருந்துகொண்டே வெளியே சம்பாதித்தால், நாள் கணக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு முதல் 12,50,000 ராண்டுக்கு வரி விலக்கு உண்டு, அதற்கு மேல் இங்கேயும் வரி. வரி வசிப்பை முறையாக முடித்துக்கொண்டால், ஆர்.ஏ. பணத்தை எடுக்க அதன்பின் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். எச்.பி.சி.எஸ்.ஏ. ஆண்டுக் கட்டணத்துக்கு ஏப்ரல் 1 கெடு; வெளியே இருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு, தொடர்கல்விப் புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். வருடத்துக்கு 30 புள்ளி, அதில் ஐந்து நெறிமுறைக்கானது. பதிவு ஒருமுறை நின்றுவிட்டால் திரும்ப உயிர்ப்பிக்க அபராதமும் அலைச்சலும் ஆகும்.